பெண்கள் பயன்பாடு அநேகமாக இல்லை

1998-ஆம் வருடம் மே மாதக் கடைசியில் ஒரு நாள், மத்தியானம் இரண்டரை மணிக்கு, வனஜா பன்சி சௌக் என்ற நாற்சந்தியில் இருந்த பொதுக் கழிப்பிடத்துக்கு எதிரே குடையை விரித்துக்கொண்டு நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைகள் பாதி ஷட்டரை இறக்கியிருந்தன. பெண்கள் பகுதிக்குள் யாரும் போகவில்லை, அங்கிருந்து யாரும் வரவும் இல்லை. இருபது நிமிடம் பார்த்தாள். அப்புறம் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் குடித்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் மராத்தியில் அறிக்கை எழுதினாள். அதில் ஒரு வரி இது: "பல நாட்கள், பல வேளைகளில் நேரில் பார்வையிட்டதில், பெண்கள் பயன்பாடு அநேகமாக இல்லை."

வனஜாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். வனஜா படித்து, பரீட்சை எழுதி, புனேயின் வடக்கு ஓரத்தில் இருந்த ஒரு வார்டு ஆபீசில் சானிட்டரி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்திருந்தாள். அந்த உத்தியோகத்தில் அந்த ஆபீசின் முதல் பெண் அவள்தான். குப்பை, சாக்கடை, கொசு மருந்து, பொதுக் கழிப்பிடம் எல்லாம் அவள் தலையில். சோம்பேறி என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது.

அந்தக் கழிப்பிடம் அவளுக்கு ஒரு தீராத தலைவலியாக இருந்தது. பெண்கள் பகுதியைக் கழுவ வந்துகொண்டிருந்த அம்மாள் ஓய்வுபெற்று ஒன்றரை வருஷமாகியும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. குழாயில் காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். ராத்திரியில் குடிகாரர்கள் உள்ளே போய்ப் படுத்தார்கள். பக்கத்து மிட்டாய்க் கடைக்காரர் நாற்றம் தாங்கவில்லை என்று வாரம் ஒரு மனு கொடுத்தார். வனஜா ஆள் கேட்டு எட்டுக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. கடைசியில் அவளுடைய மேலதிகாரி கானடே சாகேப் சொன்னார்: "பூட்டிடு. ரிப்பேர்னு போர்டு மாட்டு. ஆனா காரணம் எழுதணும். யாராவது நாளைக்குக் கேட்டா?"

அந்தக் காரணத்துக்காகத்தான் அவள் அந்த இருபது நிமிடம் நின்றாள். யாரும் வராத நேரம் எது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்துக்குப் போனாள். ஜூன் முதல் வாரம் பெண்கள் பகுதிக்குப் பூட்டு விழுந்தது. ஆண்கள் பகுதி திறந்தே இருந்தது. மிட்டாய்க் கடைக்காரர் ஆபீசுக்கு ஒரு பெட்டி பேடா அனுப்பினார். வனஜாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் அதை மறந்துபோனாள். ஒன்பது மாதம்.

அடுத்த வருஷம் மார்ச் முதல் தேதி, திங்கட்கிழமை. ஆபீஸ் பியூன் வந்து, "மேடம், உங்க மதராசிக் கிழவி ஒருத்தி பேங்க்ல விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க" என்றான். பெயர் கேட்டாள். மரியம்மாள்.

மரியம்மாள் அவளுக்கு வேற்று மனுஷி இல்லை. குடியிருப்பில் எதிர் வரிசை வீடு. அவள் புருஷன் தொழிற்சாலையில் வனஜாவின் அப்பாவோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். வனஜாவும் மரியம்மாளின் மகள் அமலியும் ஒரே பாவாடைத் துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். புருஷன் இறந்த பின் மரியம்மாளும், கல்யாணமாகாமல் நின்றுவிட்ட அமலியும் பன்சி சௌக்கிற்குப் பின்னால் ஒரு சாலில், பொது வராந்தாவோடு வரிசை அறைகள் உள்ள கட்டடத்தில், ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அமலி ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். மரியம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. வாய் பெரிய வாய். காய்கறிக்காரனை மராத்தியில் திட்ட ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை, யாரோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது.

"என்னா அமலி, எப்பிடி ஆச்சு?"

"லைன்ல நின்னுட்டு இருந்தாங்களாம்க்கா. கை மரத்துப் போவுதுன்னு பக்கத்துப் பொம்பள கிட்ட சொன்னாங்களாம். சொல்லும்போதே சாஞ்சிட்டாங்க."

"பிரஷர் மாத்திர எல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிறாங்கல்ல?"

அமலி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான்க்கா வயிறு எரியுது. அது தண்ணி மாத்திர. போட்டா அரை மணிக்கு ஒரு தரம் போவணும். பென்ஷன் லைன்ல மூணு மணி நேரம் நிக்கணும், எங்க போவாங்க? முன்ன சௌக்ல அந்தக் கக்கூஸ் இருந்துச்சி. நாறும்தான். ஆனா இருந்துச்சில்ல? எவனோ பூட்டிட்டான். அதுலருந்து வெளிய போற நாள்ல மாத்திர போட மாட்டாங்க. முந்தின நாள் ராத்திரியே தண்ணிய நிறுத்திருவாங்க. ஒண்ணாந் தேதி மட்டும் இல்ல. செவ்வாக்கெழம சந்த, ஞாயித்துக்கெழம பூச, வெள்ளிக்கெழம ஜெபம். நான் எத்தினி தரம் கத்தியிருப்பேன்! 'நடுத்தெருவுல புடவ நனஞ்சி நிக்கவாடி'ன்னு கேப்பாங்க. நான் என்னா சொல்றது?"

வனஜா கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றாள். எவனோ. அமலி அந்த வார்த்தையைத்தான் சொன்னாள். பூட்டியவன் ஒரு ஆண் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் அதைச் செய்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ம்" என்றாள் வனஜா. ஆரஞ்சுப் பையை மேஜைமேல் வைத்தாள்.

வெளியே வந்து டாக்டரைப் பிடித்துக் கேட்டாள். மாத்திரையை விட்டுவிட்டதால்தான் இப்படி ஆயிற்றா? அவர் அவசரத்தில் இருந்தார். "அப்படித் திட்டமாச் சொல்ல முடியாது. இந்த வயசு, இந்த பிரஷர், போட்டாலும் வந்திருக்கலாம். விட்டது நல்லதில்லை, அது நிச்சயம்."

அந்தப் பதிலின் முதல் பாதியை வனஜா நாலைந்து நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். போட்டாலும் வந்திருக்கலாம். பஸ்ஸில் சொல்லிக்கொண்டாள், சாதம் வடிக்கும்போது சொல்லிக்கொண்டாள். ஆபீசில் பெண்களுக்கான கழிப்பறைச் சாவி அவள் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தரம் அதை எடுப்பாள். ஐந்தாம் நாள் அந்தச் சாவியைக் கையில் எடுத்தபோது டாக்டர் சொன்ன இரண்டாவது பாதி நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் முதல் பாதி அவளுக்கு உதவவில்லை.

கழிப்பிடத்தைத் திறந்துவிடலாம் என்று கோப்பைத் தேடி எடுத்தாள். அதற்குள் காரியம் மிஞ்சியிருந்தது. ஜனவரியிலேயே ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். பெண்கள் பகுதியை இடித்துவிட்டு அந்த இடத்தில் கடைக்கு வருபவர்கள் ஸ்கூட்டர் நிறுத்த இடம். ஆதாரமாக ஒரு வரியைக் காட்டியிருந்தார்கள். அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்த அந்த வரி அவளுடையதுதான். நிதி வராததால் மட்டும் இடிக்காமல் இருந்தது.

இந்த நேரத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. 1999 உலக முதியோர் ஆண்டு. ஒவ்வொரு வார்டிலும் முதியவர்களைக் கணக்கெடுத்து, அவர்களுடைய தேவைகளைக் கேட்டு, ஒரு கூட்டம் நடத்திப் பரிந்துரை அனுப்ப வேண்டும். கானடே அதை வனஜாவிடம் தள்ளினார். "நீதான் சரி. வீட்டுக்குள்ள போய்ப் பேசுவே. மராத்தி, ஹிந்தி, தமிழ் எல்லாம் வரும். ஒரு பார்க், நாலு பெஞ்சுன்னு எழுதிடு. கூட்டத்துல போட்டோ நல்லா வரணும்."

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மழையில் வீடு வீடாக நடந்தாள். படிவத்தில் பத்துக் கேள்வி. கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, பிள்ளைகள் சோறு போடுகிறார்களா. வனஜா அடியில் பேனாவால் பதினோராவது கேள்வி ஒன்றை எழுதிக்கொண்டாள்: வெளியே போவதை எப்போது நிறுத்தினீர்கள்? ஏன்?

கிழவர்கள் நிறைய பேசினார்கள். கிழவிகள் பெரும்பாலும் ஒரே பதில் சொன்னார்கள். முட்டி வலி. பென்ஷனுக்கு மகன் போகிறான், முட்டி வலி. கோயிலுக்குப் போவதில்லை, முட்டி வலி. கிழவிகளின் முப்பது படிவத்தில் இருபத்திரண்டு முட்டி.

ஷேவந்தாபாய் என்று ஒருத்தி, எழுபத்திரண்டு வயது, கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தவள். இப்போது வீட்டில் உட்கார்ந்து மருமகளுக்குப் பூ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வனஜா கேள்வியைக் கேட்டதும் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"முட்டின்னு எழுதிக்கோ."

"எப்பத்திலேருந்து மாவ்ஷி?"

"போன வருஷம் ஜூன். இந்தச் சந்துல எல்லாக் கிழவிக்கும் அதே ஜூன் மாசத்துலதான் முட்டி வலி வந்தது. அதையும் எழுதிக்கோ."

வனஜா பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். ஷேவந்தாபாய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சௌக்ல சந்தாஸைப் பூட்டினாங்களே, அப்ப. காலையில ஏழு மணியிலேருந்து ராத்திரி ஏழு வரைக்கும் பூக்கடை. ஆம்பளைன்னா சுவத்தோரம் போய் நின்னுடலாம். நான் எங்க போறது? பதினஞ்சு நாள் அடக்கிப் பார்த்தேன். மூத்திரத்துல ரத்தம் வந்தது. கடையை விட்டுட்டேன். யாரு பூட்டினதுன்னு உனக்குத் தெரியுமா? உங்க ஆபீஸ்தானே?"

"ஆபீஸ்லேருந்துதான்" என்றாள் வனஜா.

ஆபீஸ்! தெருவில் இறங்கி நடக்கும்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆபீசுக்குக் கை ஏது, பூட்டுவதற்கு?

கசார்வாடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் பரமசிவத்திடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பில் தன் அறிக்கை தப்பு என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தத் தீர்மானத்தை நிறுத்த முடியும் என்றும் சொன்னாள்.

"எழுதினா என்னா ஆவும்?"

"மெமோ குடுப்பாங்க. வேற வார்டுக்குத் தூக்கிப் போடுவாங்க."

"அப்ப எதுக்கு? தண்ணி வரல, ஆள் போடல, அதனால பூட்டுனேன்னு சொல்லிக்கோ. பொய் இல்லியே அது."

"அது பொய் இல்லீங்க. அடுத்த வரிதான் பொய்."

அவன் ரசத்தைக் குடித்துவிட்டுக் கையைக் கழுவ எழுந்தான். "உன் இஷ்டம். ஆனா அந்தம்மா அதனால எந்திரிச்சி நடக்கப் போறதில்ல" என்றான். அவன் சொன்னது நிஜம்தான். அதனாலேயே அது அவளை அதிகமாகச் சுட்டது.

கூட்டத்தை அக்டோபர் முதல் தேதி வைப்பதாக இருந்தார்கள். அன்றைக்குப் பென்ஷன் நாள், ஒரு முதியவரும் வர மாட்டார் என்று வனஜா சொல்லி, மறுநாள் காந்தி ஜெயந்திக்கு மாற்றினார்கள். முனிசிபல் பள்ளிக்கூட ஹால். மேடையில் நகரசபை உறுப்பினர், கானடே சாகேப், ஒரு ஓய்வுபெற்ற கர்னல். கீழே முன்வரிசைகளில் ஆண்கள், கஞ்சி போட்ட சட்டையில். கடைசி இரண்டு வரிசையில் பெண்கள், பதினெட்டுப் பேர். வனஜா வீட்டுக்கு வீடு போய்க் கெஞ்சி அழைத்து வந்தவர்கள்.

ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நடப்பதற்குப் பாதை போட்ட பார்க் வேண்டும். காலையில் கூடிச் சிரிக்க ஒரு மேடை வேண்டும். நாலு செய்தித்தாளோடு ஒரு படிப்பறை வேண்டும். உறுப்பினர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கானடே குறித்துக்கொண்டார். போட்டோக்காரன் சுற்றிச் சுற்றி வந்தான்.

டீயும் தண்ணீரும் கொடுத்தார்கள். வனஜா பின்வரிசைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒருத்தியும் எடுக்கவில்லை. "நகோ, நகோ" என்று கையை அசைத்தார்கள். பதினெட்டுப் பேர், அக்டோபர் வெயில், தகரக் கூரை, ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விடுமுறை நாள். பள்ளிக்கூடக் கழிப்பறை மாடியில். சாவி வைத்திருந்த பியூன் வரவில்லை. முதியோருக்கான கூட்டத்தை நடத்துகிற அவளே அதைக் கவனிக்கவில்லை.

தட்டை அங்கேயே ஒரு நாற்காலியில் வைத்தாள். மைக் இல்லாமலே பேசினாள். மராத்தி தடுமாறியது.

"இங்க ஒரு பெண்ணும் தண்ணி குடிக்கலை. ஏன்னு மேடையில இருக்கிறவங்களுக்குத் தெரியுமா? குடிச்சா போறதுக்கு இடம் இல்லை. சௌக்ல இருந்த ஒரே இடத்தை நான்தான் பூட்டினேன். பெண்கள் யாரும் வர்றதில்லைன்னு எழுதினதும் நான்தான். இருபது நிமிஷம், மொட்டை வெயில்ல நின்னு பார்த்துட்டுப் பல நாள் பார்த்ததா எழுதினேன். அது பொய்."

கானடே பாதி எழுந்தார், உறுப்பினரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் ஷேவந்தாபாய் மட்டும் அசைந்தாள்.

"நீயா?" என்றாள். "என் வீட்டுல வந்து உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே, நீயா?"

"ஆமா மாவ்ஷி."

ஷேவந்தாபாய் அதோடு வனஜாவை விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையைப் பார்த்துத் திரும்பினாள். "பார்க் கட்டுங்க சாகேப், நல்லாக் கட்டுங்க. அங்க வந்து நாங்க எங்க போவோம்? அதை மொதல்ல சொல்லுங்க."

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார், இங்க்லே குருஜி என்பார்கள், மெல்ல எழுந்து, "சிரிக்காதீங்க. அறுபதுக்கு மேல எங்களுக்கும் அதே கதைதான். வெக்கத்துல சொல்றதில்லை. நான் அதனாலதான் பஸ் ஏறுறதை விட்டேன்" என்றார். அதற்கப்புறம் சிரிப்பு எழவில்லை. பேச்சு எழுந்தது. படிக்கட்டு உயரம், பேங்க்கில் உட்கார நாற்காலி இல்லாதது, குந்த முடியாத கால், பிடித்து எழக் கம்பி இல்லாத சுவர், எல்லாம் வந்தன. பெண்களும் பேசினார்கள். அன்று பார்க் விஷயம் பின்னால் போய்விட்டது.

அமலி இதை வேறு யார் வாயிலாகவாவது கேட்கக்கூடாது என்று வனஜா நேராக அந்தச் சாலுக்குப் போனாள். மரியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்தில் பாதியாகியிருந்தாள். பேச்சு குழறும், நாலைந்து வார்த்தைதான். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. வனஜா இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள், சாக்கு எதுவும் சேர்க்கவில்லை.

அமலி அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு அக்கா என்பதையும் நீங்கள் என்பதையும் ஒன்றாக விட்டுவிட்டாள்.

"ஏழு மாசமா வாராவாரம் ஆரஞ்சு வாங்கினு வந்தியே. என் எதிர்ல உக்காந்து உரிச்சி ஊட்டுனியே. அப்பெல்லாம் இது உன் வாயில வரலியா?"

"வரல."

"போயிடு."

மரியம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வனஜா அடுத்த வாரம் கோப்பில் எழுதிக் கொடுத்தாள். மெமோ வந்தது, விசாரணை நடந்தது. தண்டனையோடு தொலைவில் வேறு வார்டுக்கு மாற்றினார்கள். கானடே கடைசி நாள் வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஸ்கூட்டர் நிறுத்தும் தீர்மானம் நின்றது. இங்க்லே குருஜியும் ஷேவந்தாபாயும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை உறுப்பினர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பேங்க் முதலில் வழிக்கு வந்தது. எழுபது தாண்டியவர்களுக்குத் தனி ஜன்னல், எட்டு நாற்காலி.

பழைய பெண்கள் பகுதி இருந்த இடத்தில் புதுக் கழிப்பிடம் எழும்ப ஒன்றேகால் வருஷம் ஆனது. படி இல்லாமல் சரிவு வைத்தார்கள். ஒரு அறையில் உட்காரும் பீடம், மேலே தண்ணீர்த் தொட்டி, பார்த்துக்கொள்ள ஒரு பெண், வாசலில் நிழலோடு பெஞ்சு. பிடித்து எழ வைத்த கம்பியை மேஸ்திரி தன் உயரத்துக்குப் பதித்திருந்தான், ஆறடி ஆள். திறப்பதற்கு முன் வனஜா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, ஷேவந்தாபாயையும் இன்னும் இரண்டு பேரையும் அந்தப் பீடத்தில் உட்காரச் சொல்லி, அவர்கள் கை தானாக எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே கம்பியைப் பெயர்த்துக் கீழே பதித்தான். ஷேவந்தாபாய் அன்று முழுக்க மேஸ்திரியிடம் பேசினாள், வனஜாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

2001 ஜனவரியில் திறந்தார்கள். வனஜாவை யாரும் அழைக்கவில்லை. மறுவாரம் தானாகப் போய் எதிரே நின்றாள். கூடைக்காரிகள், பென்ஷன் வாங்க வந்தவர்கள், பேரப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் என்று வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். எண்ண ஆரம்பித்து, நாற்பதோடு விட்டுவிட்டாள். இந்த நாற்பது பேரும் அப்போதும் இருந்தவர்கள்தானே.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். அமலி. கையில் மருந்துக் கடைப் பை. தலை பாதி நரைத்திருந்தது.

"நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றாள், கட்டடத்தைப் பார்த்தபடி. "எங்கம்மா இது வரைக்கும் நடந்து வர முடியாது."

"தெரியும் அமலி."

"மன்னிக்கிறது, மறக்கிறது அதெல்லாம் எனக்கு இன்னும் வரல. வரும்போது வரட்டும். நான் பூசைக்குப் போயி ரெண்டு வருசமாவுது. அம்மாவ விட்டுட்டு நகர முடியல. சால் கக்கூசு வராந்தாக் கோடியில இருக்குது, பிடிச்சினு போவணும். ஞாயித்துக்கெழம காலையில ஒம்போதுலருந்து பன்னெண்டு வரைக்கும் நீ வந்து இரு."

வனஜா சரி என்று தலையை ஆட்டினாள். அதைவிடப் பெரிய தண்டனையை வார்டு ஆபீசுக்குக் கொடுக்கத் தெரிந்திருக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, அமலி கதவைச் சாத்திக்கொண்டு போனதும், வனஜா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அத்தை, போவணும்னா சொல்லுங்க" என்றாள். மரியம்மாள் அவளைப் பார்த்தாள். பதில் இல்லை. பத்து மணிக்கு மறுபடி கேட்டாள். தலை இல்லை என்று ஆடியது. பதினோரு மணிக்கு மரியம்மாளின் இடது கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. "அத்தை, வாங்க, நான் பிடிச்சிக்கிறேன்." தலை இல்லை என்றது. பன்னிரண்டே காலுக்கு அமலி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அந்தக் கை மகளை நோக்கி நீண்டது.

அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்த் திரும்பி வந்ததும் அமலி கேட்டாள்: "கூட்டினு போவலியா நீ?"

"வர மாட்டேன்னுட்டாங்க."

இரண்டாவது வாரமும் அப்படித்தான். மூன்று மணி நேரம். வனஜா ஸ்டூலில் உட்கார்ந்து, அடக்குவது என்றால் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் முழங்கால்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு கண் ஒரு இடத்தில் குத்திட்டு நிற்கும். பிறகு மூச்சு சின்னதாகும். பூக்கடையில் ஷேவந்தாபாய் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். பேங்க் லைனில் இதே அத்தை இப்படித்தான் நின்றிருப்பாள்.

மூன்றாவது வாரம் அமலி கிளம்பும்போது வனஜா வாசலிலேயே அவளை நிறுத்தினாள். "நான் வந்தா அவங்களுக்கு இம்சைதான் அமலி. அடக்கிக்கினே இருக்காங்க. வேற யாரையாவது பாரு."

"அது உனக்கும் அம்மாவுக்கும். நடுவுல நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அமலி முக்காட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அன்றும் மரியம்மாள் அசையவில்லை. நாலாவது வாரமும் இல்லை. வனஜா கேட்பதை நிறுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை கேட்டாள், இல்லை என்றால் சரி என்று உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாவது வாரம் பத்தரை மணி இருக்கும். பக்கத்து அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மரியம்மாள் திடீரென்று கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள். முகத்தில் கனிவு எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது. வேறு வழியில்லாதவளின் கோபம்.

வனஜா அவள் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். எலும்பும் துணியும்தான், ஆனாலும் கனத்தாள். வராந்தாவில் இருபத்தாறு அடி. கொடியில் தொங்கிய ஈரத் துணிகளுக்குக் கீழே குனிந்து போக வேண்டியிருந்தது. தவறிவிடுவாளோ என்ற பயத்தில் வனஜா வேகமாக நடந்தாள். அப்போது மரியம்மாள் நின்றுவிட்டாள். நாக்கைப் புரட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து, "மெதுவா போடி" என்றாள். "காலு இழுக்குது."

அன்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகு அவள் வனஜாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. வனஜா தன் காலை அவள் காலோடு சேர்த்து வைத்து, ஒரு அடி எடுத்து, அவள் அடுத்த அடி எடுக்கும் வரை நின்றாள்.

அதற்குப் பின் மூன்று வருஷம், மரியம்மாள் இறக்கும் வரை, வனஜா ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவிடவில்லை. பூட்டைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.